ஓட்டை விழாத கலண்டர்

இல்ல தம்பி, அந்தப் படிவத்தை இப்பவே நிரப்பாதீங்க. ஒப்பறேற்றர்ர பிழை எண்டு எழுத ரெண்டு சொல்லுத்தான். எழுதிப்போட்டு நீங்க கொழும்பு பஸ் ஏறிருவீங்க. நாளைக்கு வேலைக்கு வராத எண்டு எனக்கெல்லோ சொல்லப்போறாங்க. கனகசூரியம் முதலாளி முந்தாநாளே சொல்லிற்றார், மெசின் வித்த ஆள் வந்து கேதீஸ்வரிட பிழை எண்டு எழுதினா அண்டையோட சரி எண்டு. அதால ஒள்ளம் இருங்க. தேத்தண்ணியக் குடிச்சுக்கொண்டே கேளுங்க.

இந்த அச்சகத்தில நாலு வருசமா கம்பி கோக்க ஓட்டை போடுற மெசினோடதான் நிக்கிறன். நீங்க வித்த மெசின்தான், ஆனா அதின்ட குணம் உங்களவிட எனக்குத் தெரியும். சிரிக்காதீங்க. தாளை வை, பட்டனை அமத்து, ஓட்டை விழும் எண்டு உங்கட புத்தகத்தில இரிக்கு. கொழும்பில விழும். இஞ்ச செட்டிபாளையத்தில அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வாவி. மாரியில தாள் ஈரம் குடிச்சு அப்பளம் மாதிரி நெளியும். கச்சான் காத்தடிச்சா காஞ்சு ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு, கோணலா உள்ள இழுபடும். அதால லொறியில வந்த தாளை அண்டைக்கே நான் தொடமாட்டன். ஒரு நாள் இந்த அறைக்குள்ளேயே கிடக்கவேணும். மறுகா கட்டை விரிச்சு உதறி, நாலு பக்கமும் தட்டிச் சமனாக்கி, பதினைஞ்சு தாள் போகும் எண்டு நீங்க சொன்ன இடத்தில பன்னெண்டுதான் வைப்பன். முதல்ல கழிச்ச தாளில அஞ்சாறு தரம் போட்டு, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாப்பன். ஓரத்தில ஒரு நார் நிண்டாலும் நல்ல தாள் உள்ள போகாது.

ஓம், முதலாளிக்கு அது சுணக்கம். ஏசுவார். ஏசட்டுமே. இவ்வளவு கலண்டர், கொப்பி, டயரி போயிரிக்கு, ஒண்டு திரும்பி வந்ததெண்டு சொல்லச் சொல்லுங்க பாப்பம்.

இந்தமுறை முன்னூறு கலண்டர் பழுதாப்போனது உண்மைதான். நான் இல்லெண்டு சொல்லல்ல. நடுவில மூண்டு ஓட்டை விழவேயில்ல, பக்கத்தில கிழிஞ்சும் இரிக்கு. அதைக் கண்டு நிப்பாட்டினதும் நான்தான். அவர் ஓட்டு ஓட்டு எண்டு நிக்கிறார். ஏலாது எண்டு பிளக்கைக் கழட்டிப்போட்டன். அதுக்குத்தான் அந்தக் கோவம். என்ட கை ராசியில்லாத கையாம், அதாலதான் மெசின் கெட்டதாம். எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொல்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. ஓட்டை போடுற ஊசியெல்லாம் வரிசையா நிக்கிற டையைக் கழட்டி மேசையில வச்சன்.

இந்தாங்க, இந்தப் பொட்டலத்தை அவிழுங்க. மணந்து பாருங்க. ஓம் தம்பி, சந்தனம். சிவப்பாத் தெரியிறது குங்குமம். நடுவில இரிக்கிற மூண்டு ஊசியடியில இருந்து நான் நோண்டி எடுத்தது. சரஸ்வதி பூசைக்கு மெசினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறதுதானே. மூடியில வச்சாப் பரவாயில்ல. வேலை செய்யிறது ஊசிதானே, அதுக்கு வைக்காம எப்பிடி எண்டு, மூடியத் திறந்து ஊசிக்கே வச்சிரிக்கு. வச்சுப்போட்டுத் திரும்ப மூடியாச்சு.

காலம்பற நான் பாக்கல்லயா எண்டா? கேப்பீங்க எண்டு தெரியும். பூசைக்கு முதல்நாள் பின்னேரம் டையைத் துடைச்சு எண்ணெய் போட்டு மூடினது நான்தான். பூசைக்கு நிப்பாட்டின மெசினை ஆரு திறக்கப்போறா எண்டு நினைச்சிற்றன். அதுமட்டும் என்ட பிழை, எழுதுறதெண்டா எழுதுங்க. பூசை முடிஞ்ச மறுநாள் கழிச்ச தாள் போட்டுப் பாத்தன், வடிவா விழுந்திச்சு. சந்தனம் அப்ப ஈரம். போகப்போகத் தாள்த்தூளோட சேந்து சீமெந்து மாதிரி இறுகிற்று.

ஆரு வச்ச? வசந்தாதேவி அக்கா, முதலாளிட பெண்சாதி. அவவில எனக்குக் கோவமில்ல. ஊசியில வைக்கப்படாதெண்டு அவவுக்கு ஆரு சொன்ன? உள்ள நிண்ட ஒருத்தருக்கும் அது தெரியாது.

நானா? நான் ரோட்டில நிண்டன். எல்லாரையும் உள்ள கூப்பிட்டாங்க, என்னை மட்டும் பூசை முடியுமட்டும் வெளியில நிக்கச் சொன்னாங்க. என்ட மனிசன் மோசம்போய் எட்டு மாசம். பொட்டு வைக்கிற நேரம் பொட்டில்லாதவ முன்னால நிக்கப்படாதாம். போன வருசம்வரைக்கும் இந்த மெசினுக்கு நான்தான் வச்ச, மூடியில ஒரே ஒரு பொட்டு.

சரி, இப்ப எழுதுங்க தம்பி. ஒப்பறேற்றரை மெசினைத் தொட விடல்ல எண்டு எழுதுங்க. எழுதிப்போட்டு இஞ்ச தாங்க, கீழ நான் கையெழுத்து வைக்கிறன்.