நமலோம்பா அம்மாவின் மௌனம்

தமண்டானி: அம்மா பேச்ச நிறுத்திப் பதிமூணு நிமிஷம் ஆச்சுண்ணே.

லிம்பானி: என்கிட்டயும் கடிகாரம் இருக்கு.

தமண்டானி: திரையில முகமே ஒரு மாதிரி இருக்கு. உதடு பாருங்க... ஒரு பக்கம்...

லிம்பானி: அவங்க வீட்டு வெளிச்சம் அப்படி. மௌனப் பயிற்சியக் கண்ண மூடிக்கிட்டுதான் செய்வாங்க. நீ நாலு பட்டறைதான் கூட இருந்திருக்க, நான் ஒன்பது வருஷமா இருக்கேன்.

தமண்டானி: நாம பேசுறது அங்க கேக்காதுல்ல?

லிம்பானி: போன்ல பேசுறது எப்படி அங்க கேக்கும்? நீ பிளான்டயர்ல, நான் ம்சூஸூல, அவங்க ஸோம்பால. கணினிய நான் பாத்துக்கறேன். நீ ஆளுங்களப் பாத்துக்க.

தமண்டானி: "இன்னைக்கு நாம..."ன்னாங்க. அதோட நிறுத்திட்டாங்க.

லிம்பானி: அதான் சாமர்த்தியம். பாதி வாக்கியத்த அவங்க சொல்வாங்க. மீதிய குழு முடிக்கணும்.

தமண்டானி: கிட்வேக்காரரும் அதேதான் சாட்ல எழுதியிருக்காரு. "அம்மா ஒரு வாக்கியத்தைத் திறந்து வைத்துவிட்டு விலகி நிற்கிறார். நன்றி."

லிம்பானி: எங்க நிக்கிறாங்க? உக்காந்துல்ல இருக்காங்க.

தமண்டானி: சிரிக்காதீங்க. கம்பாலா அக்கா அதுக்கும் மேல. "இந்த மௌனம் எனக்குத் தாய்வீடு." கீழ ஆறு பேரு இதயம் போட்டிருக்காங்க.

லிம்பானி: யாரு, முந்தாநாள் "உங்க மனசு இன்னைக்கு என்ன வானிலை"ன்னு கேட்டதுக்குக் கால் மணி நேரம் மேகமூட்டம் பத்திப் பேசினாங்களே, அந்த அக்காவா? அவங்க வாய மூட வச்சதுக்கே இந்தப் பட்டறைக்குப் பரிசு குடுக்கலாம்.

தமண்டானி: அண்ணே... மைக்கத் திறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன? "அம்மா, கேக்குதா"ன்னு?

லிம்பானி: கேளு. லுசாக்கால நடந்த பட்டறையில என்டோலாக்காரர் ஒருத்தர் கேட்டாரு, அஞ்சாவது நிமிஷம். அப்புறம் மூணு நாளும் அவருதான் பாடம். பலகையில அவரு படத்த வரைஞ்சு, "மௌனத்தைத் தாங்காத தலைவர்"னு எழுதி, அம்புக்குறி வேற. மனுசன் தொழிலையே விட்டுட்டு இப்ப சிமெண்ட் விக்கிறாராம்.

தமண்டானி: அது நேர்ல. ஆளு பக்கத்துல இருப்பாங்க, மூச்சு விடுறது தெரியும். இது திரை.

லிம்பானி: அதனாலதான் சோதனைப் பட்டறைன்னு பேரு. அழைப்பிதழ நீதான எழுதின? "குழு நடத்துவோர்க்கே குழு நடத்திக் காட்டும், கண்டம் தழுவிய இணையவழிச் சோதனை."

தமண்டானி: "கண்டம் தழுவிய" நீங்க சேத்தது.

லிம்பானி: நல்லாத்தான இருக்கு.

தமண்டானி: பதினாறு நிமிஷம்.

லிம்பானி: ம்.

தமண்டானி: பதினாலு பேரும் அசையல. ஊரு ஊராப் போயி விதவைங்க குழு, விவசாயிங்க குழுன்னு நடத்துறவங்க. குறுக்க பேசாம இருக்கிறதுக்குன்னே சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினவங்க. இதுல யாரு மொதல்ல வாயத் திறப்பான்?

லிம்பானி: திறந்தவன் தோத்தான்.

தமண்டானி: அண்ணே... கோழி.

லிம்பானி: என்ன கோழி?

தமண்டானி: அவங்க பின்னாடி. ஜன்னல் வழியா வந்துடுச்சு. மேசையில ஏறுது... தட்டுல இருக்கிற மன்டாசிப் பலகாரத்தக் கொத்துது. கை பக்கத்துலயே!

லிம்பானி: ...ஆளுங்க என்ன சொல்றாங்க?

தமண்டானி: ம்பேயாக்காரர் எழுதுறாரு. "அமைப்புக்குள் அழைக்கப்படாத ஒன்று நுழைகிறது. எல்லையை வகுக்கப்போவது யார்?" ஏழு இதயம். அண்ணே, அந்த அம்மா கோழிய விடுவாங்களா? முந்தாநாள் பக்கத்து வீட்டுக் கோழி வாசல்ல கால் வச்சதுக்கு என்னா ஏச்சு! மைக் திறந்திருக்குன்னுகூடப் பாக்கல. அஞ்சு நாட்டுக்காரங்களும் கேட்டாங்க. பலகாரத்தக் கொத்துது, சும்மா உக்காந்திருப்பாங்களா?

லிம்பானி: அவங்க படத்தையும் மைக்கையும் அணைக்கிறேன். மத்தவங்க பாக்க வேணாம்.

தமண்டானி: அண்ணே!

லிம்பானி: இரு, பதறாத. பக்கத்து வீட்டு ஃபைனெஸ் சிஸ்டர் நம்பர் இருக்கு. நர்ஸா இருந்தவங்க. நீயும் லைன்லயே இரு, அவங்களையும் சேக்குறேன்.

ஃபைனெஸ்: யாரு?

லிம்பானி: சிஸ்டர், நான் லிம்பானி. நமலோம்பா அம்மாகூட வேல பாக்குறேன்ல...

ஃபைனெஸ்: கம்ப்யூட்டர்காரரா? சொல்லுப்பா.

லிம்பானி: கொஞ்சம் அவங்க வீட்டுக்குப் போயிப் பாக்குறீங்களா? பேசாம உக்காந்திருக்காங்க.

ஃபைனெஸ்: பேசாமயா? அந்த அம்மாவா?

தமண்டானி: சீக்கிரம் சிஸ்டர்!

ஃபைனெஸ்: போறேன், போறேன். செருப்ப மாட்ட விடு. நேத்தே மூச்சு வாங்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கன்னா, கூட்டம் முடியட்டும்ங்கிறாங்க. மகனுங்க ரெண்டு பேரும் ஜோகன்னஸ்பர்க்ல. தனியாக் கெடந்து... அம்மா! நமலோம்பா அம்மா! ...கதவு தொறந்துதான் கெடக்கு.

லிம்பானி: சிஸ்டர்?

ஃபைனெஸ்: ச்சூ! போ அந்தாண்ட! ...இருங்க. பேசாதீங்க. நாடி பாக்குறேன்.

லிம்பானி: சிஸ்டர், மூச்சு...

ஃபைனெஸ்: இல்லப்பா. கை ஜில்லுன்னு ஆயிட்டுது.

தமண்டானி: குளிருல அப்படி இருக்கும் சிஸ்டர். காலைலேர்ந்து அங்க தூறல்னு...

ஃபைனெஸ்: பொண்ணே, முப்பத்தோரு வருஷம் வார்டுல இருந்தவ நான். ...எப்பலேர்ந்து இப்படி இருக்காங்க?

லிம்பானி: இருபத்தஞ்சு... இருபத்தாறு நிமிஷம்.

ஃபைனெஸ்: அவ்வளவு சரியா எப்படித் தெரியும்?

லிம்பானி: பாத்துக்கிட்டுதான் இருந்தோம்.

ஃபைனெஸ்: யாரெல்லாம்?

லிம்பானி: பதினாறு பேரு. எங்களையும் சேத்து.

ஃபைனெஸ்: பதினாறு பேரு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?

தமண்டானி: சோதனைன்னு நெனச்சுட்டாங்க சிஸ்டர்.

ஃபைனெஸ்: என்ன சோதனை?

லிம்பானி: தலைவர் பேசாம இருந்தா குழு என்ன செய்யுதுன்னு...

ஃபைனெஸ்: என்ன செஞ்சுது? நான் சுவத்துக்கு இந்தாண்டதான் கீரை நறுக்கிட்டு இருந்தேன். என் மருமகன் வண்டி வாசல்ல நிக்குது. அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டிருந்தா ஆஸ்பத்திரியிலயாவது சேத்திருப்பேன். பொழச்சிருப்பாங்களோ என்னமோ, தூக்கிட்டாவது ஓடியிருப்பேன். ...சரி, வைங்க. பொம்பளைங்களக் கூப்பிடணும், கீழ பாய் விரிச்சுக் கெடத்தணும். இந்தப் பொட்டிய என்ன செய்யிறது? டிங்கு டிங்குன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு.

லிம்பானி: அது... அவங்க எழுதுறாங்க சிஸ்டர்.

ஃபைனெஸ்: நல்லா எழுதுங்க. வைக்கிறேன்.

தமண்டானி: ...அண்ணே.

லிம்பானி: ம்.

தமண்டானி: படத்த அணைச்சீங்கள்ல, அதுக்கும் எழுதியிருக்காங்க. "கறுப்புச் சதுரம். இப்போது அவர் நமக்குள் அமர்ந்திருக்கிறார்."

லிம்பானி: படிக்காத.

தமண்டானி: "என் பதினெட்டு வருட அனுபவத்தில் இப்படியொரு வகுப்பை..."

லிம்பானி: படிக்காதங்கிறேன்!

தமண்டானி: ஒருத்தராவது "அம்மா, உடம்பு நல்லாயிருக்கா"ன்னு கேட்டாங்களா? பதினாலு மைக் இருக்கு. ஒண்ணத் திறந்திருந்தாப் போதும். கேக்குறதுதான் இவங்க பொழப்பே! அடுத்தவன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டுக் கேட்டுச் சம்பாதிக்கிற கூட்டம். கண்ணு முன்னால ஒரு உசுரு போகுது, இதயம் போட்டுக்கிட்டு...

லிம்பானி: அவங்கள ஏசாத.

தமண்டானி: ஏன், ஏசினா என்ன? நான் இப்பவே மைக்கத் திறந்து ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிச் சொல்லி...

லிம்பானி: அவங்களுக்குத் தெரியாது, தமண்டானி.

தமண்டானி: என்ன தெரியாது?

லிம்பானி: இன்னைக்கு என்ன நடக்கணும்னு. ...நேத்து சாயங்காலம் அம்மா எனக்கு எழுதி அனுப்பினாங்க. ஒரே ஒரு பக்கம். அதுல மௌனமே கெடையாது. ஆரம்பிக்கிறதே பாட்டு. பதினாலு பேரும் ஒரே நேரத்துல அவங்கவங்க ஊருப் பாட்டப் பாடணும். கீழ எனக்குன்னு தனியா ஒரு வரி. "இரைச்சலா இருந்தா இருக்கட்டும் லிம்பானி, குறைச்சிடாத. இந்த வீட்டுல மனுசங்க சத்தம் கேட்டு நாளாச்சு." ரெண்டாவது நிமிஷமே எனக்குத் தெரியும், இது அது இல்லன்னு. கைய மைக் பொத்தான் மேலதான் வச்சிருந்தேன். ஒருவேள மனசு மாறிட்டாங்களோ, குறுக்க புகுந்தா எல்லார் முன்னாலயும் மானம் போயிடுமோன்னு... உன்கிட்ட வேற ஒன்பது வருஷம்னு பீத்திக்கிட்டு... ஏசுறதுன்னா என்னைய ஏசு. ...தமண்டானி? இருக்கியா? ஏதாவது பேசும்மா.

தமண்டானி: ...அம்மா எழுதின அந்த ஒரு பக்கம் நேத்தே எனக்கும் வந்துச்சுண்ணே.