மாடியிலிருந்து வந்த சீழ்க்கை

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை, ஐயா. மனைவி கூப்பிட்டால் மட்டும் கேட்காது, மற்றதெல்லாம் கேட்கும்.

நான் அமெச்சூர் ரேடியோக்காரன். ரிசீவரை என் கையாலேயே செய்தேன். அதில், நண்பர்களோடு தினமும் பேசும் அலைவரிசையிலேயே, ஊசி குத்துவதுபோல் ஒரு சீழ்க்கை. ஒரு மாதம் தேடினேன். வீட்டு மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் கேட்டேன், அப்போதும் இருந்தது. அப்படியானால் வெளியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினேன்.

"உங்க பெட்டிக்குள்ளயே இருக்கப்போகுது, பாருங்க," என்றாள் மனைவி.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா. சிரித்துவிட்டேன்.

மாடி வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர். மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தார். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கலாமா என்று அவர் மகளிடம் பணிவாகத்தான் கேட்டேன்.

"அங்கிள், அம்மாவுக்கு அதுலதான் உயிரே ஓடுது. விளையாடுறீங்களா?"

நான் விளையாடவில்லை. மறுநாள் மதியம், மகள் வேலைக்குப் போனபின், கீழே மீட்டர் பெட்டியில் மாடி வீட்டுப் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஐந்தே நிமிடம் என்றுதான் நினைத்தேன்.

சீழ்க்கை அப்படியே இருந்தது. மெஷினுக்குள் பேட்டரி இருக்கும், தீரட்டும் என்று காத்திருந்தேன். மேலே ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு தரையில் இரண்டு முறை தட்டும் சத்தம். இடைஞ்சலாக இருந்ததால் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

நெடுநேரம் கழித்துத்தான் ஆன்டெனா வயரைக் கழற்றினேன். சீழ்க்கை இம்மிகூடக் குறையவில்லை. வெளியிலிருந்து வருவது வயரில்லாமல் எப்படி வரும்? என் பெட்டியேதான் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் ரேடியோ சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் பாடமாக நானே சொல்லிக்கொடுப்பது இது. அசட்டுத்தனத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா? தலையில் அடித்துக்கொண்டு குற்றவாளியைத் தேடினேன். அலைவரிசை எண்ணைக் காட்டும் சின்ன டிஸ்ப்ளே. அதைச் சுற்றித் தகரம் வைத்துப் பற்றவைத்தேன். சீழ்க்கை நின்றது. அப்படியோர் அமைதி, ஐயா. மேலேயும் சத்தமில்லை.

அப்போதுதான் பியூஸ் ஞாபகம் வந்தது. போய் மாட்டினேன்.

சாயங்காலம் மகள் அழுதுகொண்டே இறங்கி வந்தாள். "அங்கிள், மதியம் கரண்ட் போச்சா?"

"தெரியலையேம்மா," என்றேன். டீச்சரைத் தூக்குவதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன்.

டீச்சரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத்து இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்ப மட்டும் அனுமதி வேண்டும். நான் செய்த தவறை இன்னொருவர் செய்துவிடக் கூடாது. எடுத்த எடுப்பிலேயே ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.