செம்பவளத்தை எரிக்க வந்த சபையோருக்கு

அவைக்குத் தலைமை பூண்டு அமர்ந்திருக்கும் அருங்குணச் செல்வர் அப்புசாமி அவர்களே, அடியேனை அளந்து பார்க்க வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பையும் காட்டையும் அரைநாள் மறந்து வந்திருக்கும் தாய்மார்களே, புத்தகத்தை எரித்தே தீருவது என்று வந்து குந்தியிருக்கும் முன்வரிசை நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் சூரமங்கலம் ரயில்வே ஆபீசுக் குமாஸ்தா குழந்தைவேலின் பணிவான வணக்கம்.

இன்று நம் புதுச்சத்திரம் வாசகசாலை ஒரு நாவலுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடியிருக்கிறது. 'செம்பவளம் சரித்திரம்'. போன நூற்றாண்டில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி அச்சிட்டது. சென்னப்பட்டணத்துப் படிப்பாளிகளிடம் விசாரித்தேன். பெயரே கேட்டதில்லை என்றார்கள். பட்டணம் மறந்த புத்தகத்துக்குப் புதுச்சத்திரம் பயப்படுகிறதென்றால், அது நமக்குப் பெருமையா, சிறுமையா?

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செம்பவளம் ஒரு பண்ணைவீட்டு மருமகள். ஊர்ப்பேச்சை நம்பிய கணவன் அவளை நெல் கொட்டும் நிலவறையில் தள்ளி, வாசலைக் கல் வைத்துக் கட்டிவிடுகிறான். அவள் சுவரைத் தட்டுகிறாள். மாமியார் கேட்கிறாள், மைத்துனன் கேட்கிறான், பண்ணையாள் கேட்கிறான். கேட்டவர் அனைவரும் கேளாதவர் போல் இருந்துவிடுகிறார்கள். தட்டுவது நிற்கிறது. அத்தோடு முற்றும்.

இதை ஞாயிறுதோறும் மத்தியானம் சத்திரத்துக் கூடத்தில் நான் உரக்க வாசித்தேன். கேட்டவர் கருத்து ஒன்றா, இரண்டா? வடசொல் வண்டி வண்டியாக இருக்கிறது, வர்ணனை வளவளவென்று இருக்கிறது என்றார் பள்ளி ஆசிரியர் அருணகிரி. "ஒண்ணுமில்லாமயா ஊரு அவளப் பேசியிருக்கும்?" என்றார் தோட்டக்காரர் சின்னண்ணன். "ஏனுங்க, அந்தச் செவுத்த இடிக்கறதுக்கு ஒருத்தனுமா இல்லாமப் போயிட்டான்?" என்று வாராவாரம் கேட்டார் சௌந்திரம் அம்மாள்.

என்ன சொல்கிறீர்கள், பின்னால் நிற்கும் ஐயா? பேய்க்கதையா? ஐயா, இந்தப் புத்தகத்தில் பேய் ஒரு வரியிலும் வரவில்லை. மனிதர்கள்தாம் வருகிறார்கள். பயம் அதனால்தான்.

கடைசி அதிகாரம் வந்தது. 'தட்டுவது நின்றது' என்று நான் வாசித்தேன். பெண்கள் பக்கத்தில் மாரக்காள் அப்படியே சாய்ந்தார். கடலைக்காட்டில் களை வெட்டும் வீரனின் மனைவி மாரக்காள். கூடத்தில் ஒருவரும் பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? மாசித் திருவிழாவில், கதையில் வீரர்கள் மாண்டதும் கேட்பவர் மாண்டவராய் விழுவதும், அவர்களை வெள்ளை வேட்டியால் மூடுவதும், கதை சொல்பவர் எழுப்பும் பாட்டைப் பாடித் தீர்த்தம் தெளித்து எழுப்புவதும் நாம் வழிவழியாகக் கண்ட படுகளம் அல்லவா? அச்சடித்த நாவலையும் அந்தக் கணக்கிலே வைத்துவிட்டோம். வீரன் தன் மேல்வேட்டியால் மனைவியை மூடினார். சொம்பில் தண்ணீர் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எழுப்பற பக்கத்தப் படிங்க சாமி," என்றார் வீரன்.

புரட்டினேன். வெறும் தாள். மாள வைத்த ஆசிரியர் மீள வைக்கவில்லை. தண்ணீர் தெளித்தோம், எழவில்லை. சௌந்திரம் அம்மாள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, "மூச்சு இளச்சுக்கிட்டே போவுதுங்க," என்றார். வீரன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் கேட்டது. கூடத்தின் வடக்குச் சுவரில், உள்ளிருந்து, யாரோ விரல் முட்டியால் தட்டும் சத்தம். வெளியே கொளுத்தும் வெயில். சின்னண்ணன் சுற்றிப்போய்ப் பார்த்து வந்தார். "அங்க ஒரு ஈ காக்கா இல்லீங்க," என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே மறுபடி தட்டியது.

நாங்கள் என்ன செய்தோம்? நாவலில் வந்தவர்கள் செய்ததையே செய்தோம். எலி என்றார் ஒருவர். காற்று என்றார் ஒருவர். கதை முழுதும் தெரிந்த நானும் கேளாதவன் போல் நின்றேன்.

சௌந்திரம் அம்மாள் மட்டும் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "கேக்குது கண்ணு. எங்களுக்குக் கேக்குது. நாங்க இங்கதான் இருக்கறோம்," என்றார். பக்கத்தில் இன்னொரு பெண் போய் நின்றாள். பிறகு இன்னொருத்தி. கேக்குது, கேக்குது என்று கூடமே சொல்லத் தொடங்கியது. சொல்லச் சொல்ல, தட்டுவது தணிந்தது. வேட்டிக்கு அடியில் மாரக்காள் இருமினார். வீரன் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

அன்று மாலையே இதை எரிக்க வேண்டும் என்றார் சின்னண்ணன். அவரை நான் பழிக்கவில்லை. அவருக்கும் பெண்மக்கள் உண்டு. ஆனால் எழுந்து உட்கார்ந்த மாரக்காள் என்ன சொன்னார் என்பதை இங்கே இதுவரை பேசிய எவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

"நான் வந்துட்டனுங்க. அவ இன்னும் உள்ளதான் இருக்கறா. பொஸ்தகத்த மூடிப்போடாதீங்க."

நடை பிடிக்கவில்லையா? பழியுங்கள். நாயகி பிடிக்கவில்லையா? ஏசுங்கள். அழுகை வருகிறதா? அழுங்கள். ஆனால் வாசியுங்கள். வாய்விட்டு வாசியுங்கள், தட்டுகிறவளுக்கு வாய்திறந்து பதில் சொல்லுங்கள். கட்டிய கணவன் கல்லால் மூடினான். கற்ற நாம் நெருப்பால் மூடுவதா? இதோ, புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டேன். கொளுத்துவதானால் கொளுத்துங்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்து கொளுத்துங்கள்.

செவி தந்த சபைக்கு நன்றி. உங்களுக்கும், உள்ளே இருப்பவளுக்கும் என் வணக்கம்.