தெரிஞ்சும் வரல

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குடியை விட்டவர்களுக்கு இனிப்பின் மேல் ஓர் ஆசை வந்துவிடும். உங்கள் அப்பாவுக்குப் போட்டுப் போட்டு என் கை அந்த அளவிலேயே பழகிவிட்டது.

இந்த ஸ்டூலில்தான் உட்காருவார். சலவை மெஷினின் சூடு முதுகில் படும், இடுப்புவலிக்கு இதமாக இருக்கும் என்பார். பார்சல் கிடங்கில் வேலை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவார். ஆரம்பத்தில் குடியை விட்டவர்கள் நாங்கள் நாலு பேர். பழைய வேலையை வைத்து அவர் டிரைவர், நான் லாண்டரி, அப்புறம் ஒரு பெயிண்டர், ஒரு டீச்சரம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. பெயரோடு பழைய கதையும் ஒட்டிக்கொண்டு வரும் என்பார் டீச்சர். பொழுது சாயும் நேரம்தான் எங்களுக்கு ஆபத்து. கால் தானாகச் சாராயக் கடைப் பக்கம் திரும்பும். அந்த நேரத்தைப் பேசியே கடத்திவிட்டால் அன்றைக்குத் தப்பித்தோம்.

பெரிய பேச்சொன்றும் இல்லை. முட்டிவலி, உருளைக்கிழங்கு விலை, எதிர்வீட்டு நாய் ஏன் பெயிண்டரைக் கண்டால் மட்டும் குரைக்கிறது.

"என் மூஞ்சி அதுக்குப் பிடிக்கல."

"மூஞ்சிய விடு. உன் டர்பண்டைன் வாடைதான் அதுக்கு ஆகல" என்பார் உங்கள் அப்பா.

அந்த நாயை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருக்கிறோம். எங்களுக்குள் ஒரே ஓர் ஒப்பந்தம்: எந்த முடிவையும் தனியாக எடுக்கக் கூடாது.

டீச்சரை மகன் வந்து அழைத்துப் போனான். பெயிண்டர் ஒரு சம்பள நாளில் குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறினார், விழுந்தார். பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

நீங்கள் வந்த மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. இடுப்பில் குழந்தை, கையில் ஒரு துணிப்பை. இடது கையை உங்களால் முழுதாக நீட்ட முடியவில்லை என்பதைக் கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. குடிவெறியில் மாடிப்படியில் உங்களைத் தள்ளிவிட்டதை அவர் எங்களிடம் மறைத்ததில்லை.

"அப்பா இங்க வர்றாருன்னு சொன்னாங்க. குடிய விட்டுட்டாரா?" என்று கேட்டீர்கள்.

"இல்லம்மா" என்றேன். "எப்பவாவது வருவார். வந்தாலும் நிதானத்துல இருக்க மாட்டார்."

"விட்டுட்டார்னு கேள்விப்பட்டேனே."

"நானும் அப்படித்தாம்மா நம்பி ஏமாந்தேன்."

அப்போது அவர் குடியை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. கையோடு அழைத்துப்போகலாம் என்றுதான் வந்தேன், வீட்டில் ஓர் அறைகூட ஒழித்து வைத்திருக்கிறேன் என்றீர்கள். பையை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்" என்று கிளம்பினீர்கள். குழந்தை உங்கள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கையாட்டியது. நானும் ஆட்டினேன்.

யோசித்துத்தான் சொன்னேன். பெற்ற மகளின் கையை ஒடித்த மனிதர். புது வீடு, பேச்சுத்துணை இல்லாத சாயங்காலங்கள். ஒருநாள் சறுக்கினால் அந்தக் குழந்தையின் கதி என்ன? உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அன்றைக்குத் துணி தேய்த்துக்கொண்டே நினைத்தேன். அவர் போய்விட்டால் நான் யாரோடு உட்காருவது என்ற எண்ணமும் வந்தது. அது இரண்டாவதாகத்தான் வந்தது.

பையிலிருந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு, யாரோ வாங்காமல் விட்டுப்போனது என்று சொல்லி அவரிடம் கொடுத்தேன். "எந்த மகராசனோ, நல்லா இருக்கட்டும்" என்று சிரித்தார். இருந்ததில் நல்ல சட்டை அது. அதனால் கடைசியில் அவர் உடம்புக்கும் அதையே மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள். பல வருஷமாக அவர் குடிக்கவே இல்லை என்று நர்ஸும் சொல்லியிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தானே என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் வந்துபோன பிறகு ஒருநாள், உங்களுக்குக் குழந்தை இருப்பது யார் மூலமோ அவர் காதுக்கு எட்டியது. அன்று அவர் இங்கே வரவில்லை. தேடிப் போனேன். சாராயக் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பொம்பளப் புள்ளையாம், லாண்டரி. யாரு ஜாடையா இருக்கும்?"

விடைத்துக்கொண்டு நிற்கும் காது, அச்சாக அவர் காது. நான்தான் பார்த்திருந்தேனே. "யாருக்குத் தெரியும்" என்றேன்.

"ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடவா?"

"அவங்களா வரட்டும், டிரைவரே. நீங்க போய் நின்னா பழசெல்லாம் கிளறும்."

தலையாட்டினார். எங்கள் ஒப்பந்தத்தில் அவர் அவ்வளவு கண்டிப்பு. அவர் கைகளை வெளியே எடுக்கும்வரை பொத்தானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், நாலு துளை உசத்தியா, இரண்டு துளை உசத்தியா என்று. பிறகு எழுந்து என்னோடு நடந்து வந்தார். அன்றைக்கும் குடிக்கவில்லை.

ஈரல் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் கேட்டார், "நான் விட்டுட்டேன்னு அவகிட்ட யாராவது சொல்லியிருப்பாங்களா?"

ஆறுதலாக இருக்கட்டும் என்று, "சொல்லாம இருப்பாங்களா? அவங்களுக்கு நல்லாவே தெரியும்" என்றேன்.

"அப்ப தெரிஞ்சும் வரல" என்றார்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான்தான் வாய் ஓயாமல் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்துபோனதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்று தோன்றியது. சொல்லவில்லை.

எல்லாம் தெரிந்தே செய்ததுதான். ஆனால் ஒரு பொழுதுகூட நான் அவரைத் தனியாக விட்டதில்லை. மூச்சு அடங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். அவருக்கென்று என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள், நீங்களே சொல்லுங்கள்.