நடு ஹாலில் ஒரு ஃபவுல்

மனைவி: கோபம் பத்தலைங்க. காய்கறிக் கடையில பேரம் பேசுற மாதிரி இருக்கு. இன்னும் கத்துங்க.

கணவன்: இதுக்கு மேல கத்தினா கீழ்வீட்டுக்காரங்க ஏறி வந்துடுவாங்க.

மனைவி: வரட்டும். மேட்ச்ல டீமே சுத்தி நின்னு கத்தும். எனக்கு நீங்க ஒருத்தர்தான் கிடைச்சிருக்கீங்க.

கணவன்: சரி... ஏய் ரெஃப்ரி! கண்ணு தெரியலையா? அது பெனால்ட்டி! என்னைத் தள்ளி விட்டான்!

மனைவி: யாரு?

கணவன்: இந்த சோபா.

மனைவி: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க! ரெஃப்ரி தேர்வு முகாம்ல இதுக்குன்னே ஆளுங்களை விட்டுச் சண்டைக்கு வரச் சொல்வாங்க. நம்ம முகம் அசையவே கூடாது.

கணவன்: உன் முகத்துக்கு என்ன கவலை? நம்ம கல்யாண ஃபோட்டோவைப் பாரு. ஒண்ணுலயாவது அசைஞ்சிருக்கா?

மனைவி: வேணாம்... கார்டு பாக்கெட்லதான் இருக்கு.

கணவன்: காட்டேன். நாளைக்குக் கிளம்பிட்டா அப்புறம் யார்கிட்ட காட்டுவே?

மனைவி: அங்க வர்ற ரெஃப்ரிங்கள்ல பாதிப் பேரைத்தான் உலகக்கோப்பைக்கு எடுப்பாங்களாம். ஓட்டம் ஒரு பக்கம், வீடியோ பரீட்சை ஒரு பக்கம். ஃபவுலா, நடிப்பான்னு பட்டுன்னு சொல்லணும்.

கணவன்: அதையும் பார்த்துடுவோம். இதோ, பந்தோட வர்றேன்... நீ ஓரமா கூடவே ஓடி வா... ஆ! அம்மா!

மனைவி: எழுந்திருங்க.

கணவன்: டீப்பாய் காலை வாரிடுச்சு ரெஃப்ரி!

மனைவி: காலையில இருந்து இதோட நாலாவது தடவை விழுறீங்க. பிடிங்க, மஞ்ச கார்டு! பந்தை விட உங்களுக்குத் தரையைத்தான் பிடிச்சிருக்கு.

கணவன்: அநியாயம்... யாருக்கு ஃபோன்ல தட்டுற?

மனைவி: முகாம் குரூப்ல ஏதோ கேட்டிருக்காங்க. நீங்க எழுந்திருங்க, இன்னொரு தடவை பார்ப்போம்.

கணவன்: இரு, தரை சில்லுன்னு இருக்கு... நீ போய்ப் பெட்டியை அடுக்கு.

மனைவி: அடுக்கியாச்சு.

கணவன்: ஷூ?

மனைவி: வச்சாச்சு. ஆமா, ஃபேன் ஓடுது, உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?

கணவன்: நடிப்புன்னா சும்மாவா? உடம்பு பூரா உழைக்கணும்ல.

மனைவி: சரி, அந்தத் தண்ணி பாட்டிலை எடுத்துக் குடுங்க.

கணவன்: நீயே எடுத்துக்கயேன்.

மனைவி: உங்களுக்குப் பக்கத்துலதானே இருக்கு?

கணவன்: ஆட்டக்காரன் ரெஃப்ரிக்குத் தண்ணி குடுத்தா லஞ்சம்பாங்க.

மனைவி: காலைக் கொஞ்சம் நீட்டுங்க.

கணவன்: எதுக்கு? வீடியோ பரீட்சை இருக்குன்னியே... போய்ப் படிம்மா.

மனைவி: போன தடவை அத்தைக்கு ஆபரேஷன்னு நான் முகாமை விட்டேனே, ஞாபகம் இருக்கா?

கணவன்: மறக்குமா? டிவியில மேட்ச் வந்தாலே சேனலை மாத்துவே. ராத்திரி திரும்பிப் படுத்துக்கிட்டு... எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அதனாலதான் சொல்றேன். இந்தத் தடவை வீடே இடிஞ்சு விழுந்தாலும் நீ போற. எனக்கு ஒண்ணும் இல்லை.

மனைவி: உங்களுக்கு என்னன்னு நான் கேட்கவே இல்லையே?

கணவன்: இல்லை... பொதுவா சொன்னேன்... கீழ யாரு இப்படி ஹாரன் அடிக்கிறாங்க?

மனைவி: உங்க அக்கா. அடுத்த தெருவுல இருந்து வர இவ்வளவு நேரம்! நடிக்கிறவன் விழுந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பான். முதல் மூணு தடவையும் நீங்க அப்படித்தான் பார்த்தீங்க. இந்தத் தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்தீங்க. அப்பவே அக்காவுக்கு மெசேஜ் போட்டுட்டேன், நான் திரும்பி வர்ற வரைக்கும் அவங்கதான் இங்க இருக்கப் போறாங்க... நான் போறேங்க, சத்தியமாப் போறேன். இப்போ என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருங்க, எலும்பு டாக்டர் கிளம்பிடப் போறார்.