ஓரங்கட்டின படங்கள்

நம்ம ஆல்பம் குரூப்ல நான் போட்ட பக்கத்தப் பாத்துட்டு, அந்தப் பூங்கொத்து அக்கா முகத்தையே அமுக்குதுன்னு சொன்னீங்கல்ல, வாஸ்தவம்தான். ஆனா அத எடுக்க முடியாதுங்க. ஏன்னு சொல்றேன்.

இது எனக்கு முதல் ஆல்பம். அக்கா ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து தலையில அடிபட்டதுல பழசெல்லாம் மறந்துபோச்சு. வாயால சொன்னா தலையாட்டுவா, மறுநாள் துடைச்ச மாதிரி போயிடும். "பழைய போட்டோவ ஒட்டி தினமும் காட்டுங்க, பாக்கப் பாக்கப் பதியும்"னாங்க ஆஸ்பத்திரி மேடம். அம்மா அப்பா இல்ல, கட்டின மாமாவையும் அவளுக்கு அடையாளம் தெரியல, அதனால என் வீட்லதான் அக்கா இருக்கா. அவ போனும் அன்னிக்கே நொறுங்கிடுச்சு, எடுத்த படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு. பிரிண்ட் போட்டு வெச்சிருந்த படங்கள பெட்டியோட மாமா என்கிட்ட குடுத்துட்டார். "கைவேலைன்னா நீதாம்மா"ன்னார்.

நீங்கல்லாம் இங்க சொல்லிக்குடுத்தபடியேதான் செஞ்சேன். முதல்ல ரஃப் தாள்ல கட்டம் போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு முகம். நெரிசல் கூடாது. வேண்டாதத ஓரங்கட்டிடணும்.

முதல்ல கல்யாணப் படத்துல கத்தரி வெச்சேன். மாமா ஓரமா நின்னதால சுலபமா போயிட்டார். தங்கமான மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவர் வந்தப்புறம்தான் எங்க அக்கா எங்க வீட்டுக்கே விருந்தாளி மாதிரி பையத் தூக்கிட்டு வந்து போக ஆரம்பிச்சா.

வாலுதான் கஷ்டம். அக்கா பொண்ணு, நாலு வயசு. எந்தப் படத்துலயும் அக்கா இடுப்ப விட்டு இறங்காது. அத வெட்டி எடுத்தா அக்கா கை மட்டும் அந்தரத்துல வளைஞ்சு நிக்குது. அந்தக் கையிலதான் பூங்கொத்து ஒட்டியிருக்கேன்.

"யாருடி குடுத்தா இவ்ளோ பூ?"ன்னு கேட்டா.

"நான்தான்க்கா."

"பரவால்லியே, தங்கச்சின்னா இப்படி இருக்கணும்"னு என் தலைய தடவிக்குடுத்தா. எவ்ளோ வருஷமாச்சு தெரியுமா.

ஞாயித்துக்கிழமை மாமா வாலுவக் கூட்டிட்டு வருவார். "எங்க பக்கம் வந்துடுச்சாம்மா?"ன்னு கேப்பார். "அடுத்த பக்கம் உங்களோடதுதான் மாமா, முடியறதுக்குள்ள பாத்தா அழகு போயிடும்"னு சொல்வேன். போன வாரம் வாலு அக்கா மடியில ஏறி உக்காந்துச்சு. அக்கா ரொம்ப மரியாதையா, "பாப்பா, உங்கம்மா தேட மாட்டாங்களா?"ன்னு கேட்டா. அது மெதுவா இறங்கிப் போயி செருப்ப மாட்டிக்கிச்சு.

வெட்டின துண்டெல்லாம் அடுப்புலயே போட்டுட்டேன், வேற பிரதி கிடையாது. நான் ஒண்ணும் புதுசா கதை கட்டல. முன்னாடி நாங்க எப்படி இருந்தோமோ அதத்தான் அவளுக்குத் திருப்பிக் குடுத்திருக்கேன்.

ஒரே ஒரு பிசகு. நாலாவது பக்கத்துல, அக்கா தோள் மேல, வாலுவோட விரல் மூணு வெட்டாம அப்படியே விட்டுப்போச்சு. காலையிலேர்ந்து அக்கா அதையே தடவிக்கிட்டு உக்காந்திருக்கா. "இந்த விரல் எனக்குத் தெரியும்டி"ங்கறா. யாரோடதுன்னு கேட்டா தெரியலங்கறா. சோறு இறங்கல, அழுதுக்கிட்டே இருக்கா. பிளேடால சுரண்டினா தோளும் சேர்ந்து உரிஞ்சிடும்.

அந்த இடத்துல ஒரு பட்டாம்பூச்சி ஒட்டலாமா, இல்ல என் கையையே படம் எடுத்து ஒட்டிடவா? எது பொருத்தமா இருக்கும், சொல்லுங்களேன்?