கோல்கீப்பரைப் பெற்ற வர்ணனையாளருக்கு

காற்றையே களமாக்கிக் காதுகளுக்குக் கண் கொடுத்த கால்பந்து வர்ணனையாளரே! எங்கள் வானொலி நிலையத்தின் வற்றாத வளமே! வெந்நீர் ஃபிளாஸ்க் வந்து சேராமல் வாய் திறக்க மறுக்கும் வல்லவரே! அண்ணா, வணக்கம்!

நீங்கள் பேசத் தொடங்கினால் எங்கள் ஒலிபரப்பு அறையில் புல் முளைக்கும். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவரும், பேருந்துப் பணிமனையில் எண்ணெய்க் கையோடு நின்றவரும் அந்தப் பச்சையைப் பார்த்தார்கள். பந்து பறக்கையில் தாமும் தரையைவிட்டுச் சற்றே எழுந்தார்கள். மழையால் ஆட்டம் நின்ற மாலையொன்றில் மேகங்களை இரண்டு அணியாகப் பிரித்து வானத்தில் ஆடவிட்டீர்கள். "ஆட்டம் எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று பதறி ஓடிவந்த இயக்குநரிடம், "மேகம் இன்னும் ஒரு கோல்கூடப் போடல சார், கொஞ்சம் பொறுங்க" என்றீர்களே! அடேயப்பா, அன்று மழை விட்டதற்கு வருந்திய நேயர்களே அதிகம்.

ஆனால் உங்களை நாங்கள் முழுதாய் அறிந்தது அந்த இறுதியாட்டத்தில்தான். வலைக்கு முன் நின்ற கோல்கீப்பர் உங்கள் மகன். "இன்னைக்கு வேற யாராவது பேசட்டுமேண்ணா" என்று கெஞ்சினோம். "பந்துக்கு யார் புள்ளைன்னு தெரியுமா?" என்று சிரித்தபடி அமர்ந்தீர்கள். கடைசி நிமிடத்தில், கைக்குள் வந்த பந்து அவரிடமிருந்து நழுவி வலைக்குள் விழுந்தது. அரங்கமே அதிர, உங்கள் குரல் மட்டும் அசையவில்லை: "கோல்கீப்பரின் தவறு. வேறு எவருடையதும் அல்ல." மைக்கை அணைத்த பிறகுதான் அழுதீர்கள்.

அன்றோடு மகன் உங்களிடம் பேசுவதை நிறுத்தினார். வேறு ஊர், வேறு வேலை என்று போய்விட்டார். அண்ணி இருவருக்கும் நடுவில் கிடந்து தவித்தார். ஊரெல்லாம் உங்கள் குரலுக்குக் காத்திருக்க, நீங்கள் ஒரே ஒரு குரலுக்குக் காத்திருந்தீர்கள். தொலைபேசி மணி அடித்தால் பாதிச் சொல்லில் நின்றுவிடுவீர்கள். பார்த்தும் பாராததுபோல் இருந்தோமே தவிர, எங்களுக்கும் நெஞ்சு வலித்தது.

சென்ற வாரம் உங்கள் மகனை நாங்களே தொலைபேசியில் அழைத்தோம். அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்தருள்க! "தப்பு என்னுதுதான். அப்பா எனக்காக ஒரு பொய் சொல்லணும்னு ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். இப்ப வந்தா ஏத்துக்குவாரா?" என்று கேட்டார்.

இன்று பணி ஓய்வு பெறும் உங்களை நலமும் நல்லுறக்கமும் நாளும் நாடிவர, அண்ணியோடு நெடுங்காலம் மகிழ்ந்திருங்கள், அண்ணா! ஒலிபெருக்கியில் இம்மடலை வாசிப்பது யாரென்று முதல் வரியிலேயே உங்கள் காது கண்டுகொண்டிருக்கும். ஆம், கண்ணாடிக்கு அப்பால் மைக் முன் அமர்ந்திருப்பவர் உங்கள் மகன்தான். இதுவரை உள்ளவை எங்கள் சொற்கள். இனி வரப்போவதை எழுதித் தரும்படி கேட்டோம், மறுத்துவிட்டார். அதை அவரே சொல்வார்.

என்றும் உங்கள் குரல்வழிக் கனவு கண்ட,
நிலைய ஊழியர்கள்